வெள்ளைச் சேட்டில் சொதி: வெளியிடத்தில் உண்ணும்போது உடையைக் காப்பது எப்படி?

குளக்கட்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சியில் அலுவலகமொன்றில் பணிபுரிகிறேன். கடந்த வெள்ளிக்கிழமை உடன் பணிபுரியும் நண்பரின் தங்கைக்குத் திருமணம். மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு இரண்டு மணிக் கூட்டத்துக்குத் திரும்ப வேண்டியிருந்ததால், போட்டிருந்த வெள்ளைச் சேட்டுடனேயே பந்தியில் இருந்துவிட்டேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பூசணிக்காய், பயற்றங்காய், அப்பளம், மோர்மிளகாய் என எல்லாம் ஒழுங்காகவே வந்தன. கடைசியாகச் சொதி வாளியுடன் வந்த தம்பி, பின்னாலிருந்து யாரோ அழைத்ததற்குத் திரும்பிப் பார்த்தபடியே அகப்பையைச் சரித்தார். பாதி இலையில் விழுந்தது; மீதி என் சட்டைப்பையின் மேல் விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் என் சொந்தத் தவறுகள். முதலில், கைகழுவும் இடத்தில் ஆணியில் குத்தி வைத்திருந்த பத்திரிகைத் துண்டொன்றை இழுத்து அழுத்தித் துடைத்தேன். மஞ்சளுக்குப் பக்கத்தில் கறுப்பும் சேர்ந்தது. பிறகு அங்கே கிடந்த சவர்க்காரத் துண்டைத் தேய்த்தேன். மஞ்சள் கண்முன்னாலேயே செங்கல் நிறமாகியது. கூட்டம் முடியும்வரை இரண்டு மணித்தியாலம் ஒரு பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருந்தேன். குறிப்பெடுக்கச் சொன்னபோதும் பைலைக் கீழே வைக்கவில்லை.

என் கேள்விகள் இரண்டு. பந்தியிலும் கடையிலும் உடை கெடாமல் உண்பதற்கு ஏதேனும் முறை உண்டா? அடுத்து, இப்படியான இடங்களில் கரண்டி கேட்டு வாங்கி உண்பது நாகரிகமா, அல்லது உபசரிப்பவர்களை அவமதிப்பதாகுமா?

பாலைமரம் எழுதியது:

தம்பி, சொதி கொட்டியது பரிமாறியவரின் கவனக்குறைவு என்பதில் ஐயமில்லை. ஆயினும், பாடசாலை வைபவங்களிலும் கோயில் அன்னதானங்களிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பந்தி பார்த்த ஓய்வுநிலை ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். உடையில் படும் கறையிற் பெரும்பகுதி அகப்பையிலிருந்து வருவதில்லை. நமது கைக்கும் வாய்க்கும் இடையிலுள்ள தூரத்திலிருந்தே வருகிறது. நிலத்தில் சம்மணம் கட்டி இருந்து உண்ட காலத்தில் இலை முழங்காலுக்கு முன்னால் இருந்தது. குனியாமல் உண்ண முடியாது. சிந்தினாலும் இலையிலேயே சிந்தும். மேசையும் கதிரையும் வந்த பிறகு கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவைத்து, முதுகைச் சாய்த்துக்கொண்டு, கவளத்தை ஒரு முழத் தூரம் அந்தரத்தில் கொண்டுவருகிறோம். அந்த ஒரு முழத்துக்குக் கீழே இருப்பது இலையன்று, மடி. ஆகவே கதிரையை மேசையோடு ஒட்ட இழுத்து, இடுப்பிலிருந்து சற்றே முன்னால் சரிந்து, வாயை இலைக்கு மேலே கொண்டுவாருங்கள். முழங்கை மேசையில் ஊன்றக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்வது வெறும் ஒழுக்கத்துக்காக மட்டுமன்று. ஊன்றிய கையில் சோற்றை எடுத்தால் குழம்பு மணிக்கட்டு வழியாகச் சேட்டின் கைக்குள் வடியும்.

இன்னொன்று, சொதியும் இரசமும் வருமுன்னர் சோற்றை என்ன செய்கிறீர்கள் என்பது. இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்கிற ஊரில் பிறந்தவருக்கு வரம்பு கட்டச் சொல்லித்தர வேண்டியதில்லை. சோற்றை நடுவில் குழித்து, உங்கள் பக்கத்து வரம்பைக் கொஞ்சம் உயர்த்தி விட்டால், எவ்வளவு தாராளமாக ஊற்றினாலும் வெள்ளம் மடிக்கு வராது. பரிமாறுபவர் குனியும்போது நீங்கள் பின்னால் சாய்ந்துகொள்ளுங்கள். போதும் என்பதை வாயால் சொல்லுங்கள். கையை இலைக்கு மேலே குறுக்கே நீட்டினால் அகப்பை கையில் முட்டும். பிறகு அவரைக் குறை சொல்ல முடியாது.

அடுப்படி எழுதியது:

ஏ9 வீதியோரத்தில் சிறிய சாப்பாட்டுக்கடை நடத்துகிறேன். முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சானும் வாங்கிக்கொண்டு வரும் பயணிகளுக்குச் சமைத்தே என் பிள்ளைகளைப் படிப்பித்தேன். ஐயா சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றாலும், பரிமாறுபவர்களை இவ்வளவு இலேசாக விட்டுவிடக் கூடாது.

என் கடையில் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதல் நாள் கற்பிப்பது கறியின் பெயரையன்று. வாளியைப் பிடிக்கும் விதத்தைத்தான். அகப்பையை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. தூக்கியவுடன் அதன் அடிப்புறத்தை வாளி விளிம்பில் ஒருமுறை வழிக்க வேண்டும், ஏனென்றால் சிந்துவது உள்ளே இருக்கும் சொதியைவிட அடியில் ஒட்டியிருக்கும் சொதிதான். அதற்குப் பிறகு வாளியையும் இலைக்கு அருகே கொண்டுபோக வேண்டும். வாளியைத் தூரத்தில் வைத்துக்கொண்டு, இருப்பவரின் தோளுக்கு மேலாக அகப்பையை மட்டும் நீட்டுகிற பழக்கம் கலியாண வீடுகளில்தான் அதிகம். அங்கே பரிமாறுவோர் பெரும்பாலும் மாப்பிள்ளையின் தோழர்கள். ஆர்வம் மிகுதி, பழக்கம் குறைவு.

வாழையிலையில் தெளித்த தண்ணீரும் ஒரு காரணம். தெளித்துத் துடைத்த தண்ணீரை மேசை விளிம்புப் பக்கம் வழித்துவிட்டால், பொலித்தீன் விரிப்பில் அது தேங்கி நின்று, பிறகு வருகிற இரசத்தையும் சேர்த்துக்கொண்டு மடியில் இறங்கும். எதிர்ப்பக்கம் வழித்துவிட வேண்டும். புதிதாக வெட்டிய இலையின் காம்பைக் கவனியுங்கள். அதிலிருந்து வடிகிற வாழைக்கயர் வெட்டிய நேரத்தில் தண்ணீர்போல் தெரியும். மறுநாள் வேட்டியில் மண்ணிறமாக நிற்கும். அதற்குப் பிறகு எதற்கும் அசையாது.

முன்பு எல்லாக் கடைகளிலும் கோப்பைக்கு மேல் லஞ்ச் சீற் விரித்துத்தான் சோறு போட்டோம். 2017 செப்டெம்பரில் பொலித்தீன் லஞ்ச் சீற்றுக்குத் தடை வந்தபோது கடைக்காரர்கள் எல்லோரும் சலித்துக்கொண்டோம், நானும் சலித்துக்கொண்டேன். ஆனால் உடையைப் பொறுத்தவரை அந்தத் தாள் ஒரு சனியன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கோப்பையைச் சுற்றித் தொங்குகிற விளிம்பில் கை பட்டால் அது எழும்பிக் குழம்பைத் தட்டிவிடும். சாப்பிட்டு முடித்துச் சுருட்டும்போது ஒரு மூலை வாய்க்கால் ஆகிவிடும்.

பத்திரிகைத் துண்டைப் பற்றிக் குளக்கட்டுத் தம்பி எழுதியதை வாசித்ததும் வெட்கமாக இருந்தது. என் கடையிலும் அதைத்தான் வெட்டி வைத்திருந்தேன். இன்று காலையில் எடுத்துவிட்டு, எழுதி முடிந்த பாடசாலைக் கொப்பித் தாள்களை வெட்டிக் குத்தியிருக்கிறேன். சாப்பிட்டவர் ஒருவர் கை துடைக்கப் போய், யாரோ ஒரு பிள்ளையின் பெருக்கற் கணக்கு பிழை என்று எனக்குக் காட்டினார்.

தூரதேசத்து மருமகன் எழுதியது:

ரொறன்ரோவில் வாழ்கிறேன், மனைவியின் ஊர் புதுக்குடியிருப்பு. இங்கே அலுவலக விருந்துகளில் துணியை மடியில் விரித்து, முள்ளுக்கரண்டியும் கத்தியும் பிடித்து உண்ணப் பழகிவிட்டேன். கடந்த ஆண்டு ஊருக்கு வந்தபோது சோற்றுக்குக் கரண்டி கேட்டேன். மாமி எதுவும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் முதல் என் இடத்தில் மட்டும் கரண்டி வைக்கப்பட்டிருந்தது. அதை எப்படி விளங்கிக்கொள்வது என்று இன்றுவரை தெரியவில்லை. கரண்டியால் உண்டால் உடை சுத்தமாக இருக்கும் என்பது என் அனுபவம்.

பாலைமரம் எழுதியது:

மருமகனே, மாமி வைத்தது அன்பினால்தான். அதில் குத்தல் தேட வேண்டாம். ஆனால் கரண்டி உடையைக் காக்கும் என்பதை நான் ஏற்க மாட்டேன். கரண்டி நீரைத் தூக்கும் கருவி. சொதியும் சோறும் கலந்ததைக் கரண்டியில் எடுத்தால், தளும்புகிற நீரையும் சேர்த்தே வாய் மட்டத்துக்கு உயர்த்துகிறீர்கள். கையால் உண்பவர் முதலில் பிசைகிறார். நீர் சோற்றுக்குள் இறங்குகிறது. விரல் நுனிகளால் திரட்டிய கவளத்தில் சொட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. இரண்டாம் கணுவுக்கு மேலே சோறு ஏறாமல் உண்ணத் தெரிந்தவரின் உடையில் கறை பட்டதை நான் கண்டதில்லை. கொத்துரொட்டியைக் கரண்டியால் உண்ணலாம், ஏனென்றால் அது உதிரி. இடியப்பத்துக்கும் சொதிக்கும் கரண்டி உதவாது. நூல் கரண்டியிலிருந்து தொங்கி, துள்ளி, தாடையில் அடித்துவிட்டு மார்பில் விழும்.

குளக்கட்டின் இரண்டாம் கேள்விக்கும் இதுவே விடை. கடையில் கரண்டி கேட்பதில் எந்த இழிவும் இல்லை. கையில் காயம் உள்ளவர், மருதோன்றி இட்ட பெண், பைலைத் தொட வேண்டியவர் என யாரும் கேட்கலாம். பந்தியில் மட்டும், எல்லோரும் கையால் உண்ணும்போது ஒருவருக்காகப் பரிமாறுபவர் மடைப்பள்ளிக்கு ஓடவேண்டி வரும் என்பதால், கேட்காமல் இருப்பது நல்லது.

வெண்சாறி எழுதியது:

ஐயாவின் பதிவுகளை மதிக்கிறேன். ஆனால் முன்னால் சரிந்து உண்ணுங்கள் என்பது ஆண்களுக்கு எழுதிய விதி. சாறி உடுத்தவர் முன்னால் சரிந்தால் முதலில் இலையில் விழுவது தலைப்பு. நான் வவுனியாவில் ஆசிரியை. கிழமையில் ஐந்து நாளும் சாறிதான். இருக்குமுன்னரே தலைப்பை முதுகுப்புறமாகச் சுற்றிக் கொண்டுவந்து வலது இடுப்பில் செருகிவிடுவேன். பெரிய லேஞ்சி ஒன்றை மடியில் விரித்துக்கொள்வேன். கழுத்தில் செருகினால் சிறு பிள்ளைபோல் இருக்கும் என்பதோடு, எழும்பும்போது அதில் விழுந்தது எல்லாம் உருண்டு மடிப்புக்குள் போய்விடும்.

எவரும் இதுவரை சொல்லாத ஆபத்து ஒன்று உண்டு. அது இலையை மூடுவது. நம் பக்கம் மடிப்பதே முறை என்று எங்கள் வீட்டில் பழக்கியிருக்கிறார்கள். எதிர்ப்பாதியைத் தூக்கித் தன் பக்கம் கவிழ்க்கும்போது, இலையில் எஞ்சிய பாயாசமும் மோரும் எங்கே ஓடும் என்று யோசித்துப் பாருங்கள். எனது கூறைச் சாறிக்கு அடுத்தபடியாக நான் விரும்பிய சாறி அப்படித்தான் போயிற்று. மிச்சத்தைக் கறிவேப்பிலை, தோல், எலும்போடு சேர்த்து இலையின் நடுவுக்கு ஒதுக்கிவிட்டு, உடம்பைச் சற்றுப் பின்னால் எடுத்து, மெதுவாக மடிக்க வேண்டும். மடித்தவுடன் எழும்பவும் கூடாது. வரிசையில் மூத்தவர்கள் உண்டுகொண்டிருக்கும்போது கதிரையைத் தள்ளினால் மேசை ஆடும். அவர்களுடைய பேணியில் உள்ள தண்ணீர் சரியும். மரியாதையும் சுத்தமும் இங்கே ஒரே காரியம்.

கைகழுவும் இடத்தைப் பற்றியும் எழுத வேண்டும். எனது மாணவர்களின் வெள்ளைச் சீருடையில் சுற்றுலா நாட்களில் நான் காணும் கறைகள் பெரும்பாலும் சாப்பாட்டு மேசையில் பட்டவை அல்ல. குழாயை முழு வேகத்தில் திறந்து, கறிக் கையை அதன் கீழே நீட்டினால் மஞ்சள் தண்ணீர் வயிற்றில் தெறிக்கும். கழுவி முடித்துக் கையை உதறுபவர் அடுத்தவரின் முதுகில் புள்ளி வைத்துவிட்டுப் போவார். தொட்டிக்குப் பக்கத்திலேயே மற்றவர்கள் உண்டுகொண்டிருக்க, ஊரே கேட்கக் கொப்பளிப்பதைப் பற்றி எழுதினால் எனக்குக் கோபம் வரும்; எனவே விடுகிறேன்.

கடலோரம் எழுதியது:

முல்லைத்தீவிலிருந்து எழுதுகிறேன். நண்டை எவரும் குறிப்பிடாதது வியப்பாக உள்ளது. நண்டுக்கறிக்கு வெள்ளைச் சேட்டுடன் வருபவரைப் பார்த்தாலே எங்கள் கடற்கரைக் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். காலை முறிக்கும்போது முறியும் வாய் உங்கள் பக்கம் இருந்தால், உள்ளே தேங்கிய குழம்பு நேராகக் கழுத்துக்கு வரும். மூட்டைக் கோப்பைக்கு மிக அருகே, கிட்டத்தட்டத் தொட்டபடி, வாய் கீழ்நோக்கி இருக்கப் பிடித்து முறிக்க வேண்டும். மற்றக் கையால் மேலே மறைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு உணவுக்கு இரண்டு கையும் பாவிப்பதை எவரும் பிழையாக எண்ண மாட்டார்கள். இடது கையைச் சுத்தமாக வைத்துக்கொண்டு நண்டு சாப்பிடலாம் என்பவர் நண்டு சாப்பிட்டதில்லை. சேட்டின் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிடுங்கள். கைமணம் போகத் தேசிக்காய்ப் பாதியை விரல்களில் தேய்த்துவிட்டுக் கழுவுங்கள்; மீன்மணத்தைத் தரும் பொருட்களைப் புளிப்பு அடக்கிவிடும்.

வெளுப்பு எழுதியது:

சலவை நிலையத்தில் வேலை செய்கிறேன். எல்லோரும் கறை படாமல் இருப்பதைப் பற்றியே எழுதுகிறீர்கள். குளக்கட்டுத் தம்பியின் சேட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

அந்தச் செங்கல் நிறத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் காரத்தில் சிவக்கும், சவர்க்காரம் காரம். நன்றாக அலசிவிட்டுத் தேசிக்காய்ச் சாறு இரண்டு துளி விட்டால் மறுபடி மஞ்சளுக்குத் திரும்பும். இது சடங்குகளில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ஆலாத்தித் தண்ணீர் சிவப்பாக்குகிற அதே வித்தைதான். குர்குமின் தண்ணீரில் அனேகமாகக் கரையாது, எண்ணெயில் கரையும். சொதியில் தேங்காய்ப்பால் இருப்பதால், நிறம் அந்தக் கொழுப்போடு சேர்ந்து நூலுக்குள் போய்விடுகிறது. ஆகவேதான் கறுப்பாகப் பயமுறுத்துகிற ஆட்டிறைச்சிக் கறியைவிட, தண்ணீர்போல் தோன்றும் சொதி வெள்ளைத் துணிக்குப் பெரிய எதிரி.

விழுந்த உடனே தேய்க்காதீர்கள். கரண்டி விளிம்பால் அல்லது அப்பளத் துண்டால் வழித்தெடுங்கள். சோற்றின் மேல் அப்பளம் இருக்கும்போது வேறு கருவி எதற்கு? பிறகு உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் கோப்பை கழுவும் திரவத்தைக் கறையில் விட்டு, உட்புறத்திலிருந்து தண்ணீர் விட்டு அலசினால் கொழுப்பு போகும். எஞ்சும் மஞ்சளைச் சூரியனிடம் விடுங்கள். ஈரத்துடன் வெயிலில் போட்டால் ஒளியிலேயே குர்குமின் சிதைந்துவிடும். வன்னி வெயிலுக்கு அது பெரிய வேலையன்று. பட்டுக்கும் நிறத்துணிக்கும் இந்த வைத்தியம் ஆகாது. வெளிற்றும் திரவத்தைப் பட்டில் ஒருநாளும் படவிடாதீர்கள். பட்டு இழை அதில் அரித்துப்போகும்.

முட்டையும் பாலும் பட்ட இடத்தில் சுடுதண்ணீர் ஊற்றக் கூடாது, அவிந்து ஒட்டிக்கொள்ளும். வீதியோரத்தில் பாலைப்பழம் விற்கிற காலத்தில் அதன் பால் உதட்டிலும் சேட்டிலும் ஒட்டும். அதற்குச் சவர்க்காரம் சரிவராது. தேங்காய் எண்ணெய் தடவி இளக்கிவிட்டுப் பிறகு கழுவ வேண்டும்.

பத்திரிகையின் கறுப்புத்தான் கடினம். அது எண்ணெயில் குழைத்த கரித்தூள். எண்ணெய்க் கையால் தொட்டவுடன் கழன்று வரும். ஆனால் துணியில் ஏறினால் கரித்தூளைக் கரைக்க எதுவும் இல்லை. திரவம் விட்டு, பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தட்டித் தட்டி எடுக்க வேண்டும்.

பாலைமரம் எழுதியது:

சவர்க்காரத்தைப் பற்றி வாசித்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. விடயத்தை விட்டு அதிகம் விலகவில்லை என்று நம்புகிறேன். 1990களில் பொருளாதாரத் தடையின்போது சவர்க்காரம் கிடைப்பதே அரிதாக இருந்தது. அப்போது பனம்பழத்தைப் பிசைந்த களியில் உடுப்புத் தோய்த்தோம். அழுக்குப் போகும், மணம் போகாது. கொடியில் காயப்போட்ட எனது பாடசாலை வேட்டியை மாடு பனம்பழமென்று எண்ணிச் சப்பிவிட்டது. அந்த நாட்களில் ஒரு துளிக் குழம்பு வேட்டியில் பட்டால் எங்கள் அம்மா அதைத் தோய்க்க எத்தனை பனம்பழம் வேண்டும் என்று கணக்குப் பார்ப்பார். இலைக்கு மேலே குனிந்து உண்ண நான் கற்றது எந்த ஒழுக்க நூலிலும் அன்று.

தூரதேசத்து மருமகன் எழுதியது:

மாமியிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டேன். கரண்டி வைத்தது எனக்காக அல்லவாம். நான் உண்டபிறகு மேசை விரிப்பைத் தோய்ப்பவர் அவராம்.

குளக்கட்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வெளுப்பு அண்ணா சொன்னபடி திரவம் விட்டு அலசி, தேசிக்காய் விட்டு, கிணற்றடிக் கொடியில் ஈரத்துடன் போட்டேன். முதல் நாள் பின்னேரம் மஞ்சள் பாதியாகியது. மூன்றாம் நாள், எங்கே இருந்தது என்று தெரிந்தவர் மட்டுமே கண்டுபிடிக்கக் கூடிய அளவில் இருந்தது. பத்திரிகைக் கறுப்பு மட்டும் சட்டைப்பையின் ஓரத்தில் ஒரு விரலளவு நிற்கிறது. பேனையை அந்தப் பக்கம் குத்தி மறைத்திருக்கிறேன்.

இன்று மதியம் சகபணியாளர்களுடன் கடையொன்றில் சாப்பிட்டேன். கதிரையை முன்னால் இழுத்து, சோற்றுக்கு வரம்பு கட்டி, லேஞ்சியை மடியில் விரித்து, சொதி வந்தபோது பின்னால் சாய்ந்தேன். ஒரு துளிகூட என்மேல் படவில்லை. கைகழுவப் போனபோது பக்கத்தில் நின்றவர் கையை உதறினார்.